கார்பன் கணக்குச் செயலி: 5க்கு 3
கார்பன் தடத்தை, அதாவது நம் அன்றாடச் செயல்களால் காற்றில் கலக்கும் கரியமில வாயு போன்றவற்றின் அளவைக் கணக்கிடும் செயலி ஒன்றைக் கொஞ்ச நாளாகப் பயன்படுத்துகிறேன். வீட்டில் எத்தனை பேர், மாத மின்சாரம் எவ்வளவு, விமானத்தில் போனீர்களா என்று எளிய கேள்விகள்தான். அளவைக் கண்ணுக்குக் காட்டுவதில் கெட்டி. வரைபடத்தில் ஒரே ஒரு நீண்ட விமானப் பயணத்துக்கான பட்டைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பையைத் தவிர்த்த என் பெருமை கோடாகக்கூடத் தெரியவில்லை.

சிக்கல் மின்சாரப் பக்கத்தில். அப்பாவுக்கு நுரையீரல் நோய். ஆக்சிஜன் செறிவூட்டி இரவும் பகலும் ஓடுகிறது. 350 வாட் என்று வைத்தாலே நாளுக்கு 8 யூனிட்டுக்கு மேல். செயலி அதைச் சிவப்பில் காட்டி, 'தேவையற்ற சாதனங்களை அணைக்கலாமே' என்கிறது. நல்ல யோசனை, போங்கள்! மருத்துவக் கருவி என்று குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை. புவி சூடாகி வெப்ப அலை வந்தால் முதலில் திணறுவதும் அப்பாவைப் போன்றவர்கள்தான்.

அப்புறம், மின்சாரம் நிலக்கரியில் வருகிறதா, காற்றாலையில் வருகிறதா என்பது என் கையில் இல்லை. எண் மட்டும் என் பெயரில் ஏறுகிறது. தனிமனிதக் கார்பன் தடம் பார்க்கும் பழக்கத்தை 2000களில் விளம்பரம் செய்து பரப்பியதில் பிபி என்ற எண்ணெய் நிறுவனத்துக்கும் பங்குண்டு என்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

விமானமா ரயிலா என்று முடிவெடுக்கப் பதிவிறக்கலாம். வீட்டில் நோயாளி இருந்தால் மின்சாரப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள்.