30 மில்லி ஆம்பியரா, 110 வோல்ட்டா, பேட்டரியா? கட்டுமான இடத்துத் தற்காலிக மின்சாரம்

கட்டடம் எழும்பும் இடத்தில் மின்சாரத்துக்குப் பெயர்தான் தற்காலிகம். அது ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஓடும். வீட்டில் சுவருக்குள் இருக்கும் ஒயர் இங்கே சேற்றில் கிடக்கிறது. அதன்மேல் தள்ளுவண்டி ஏறும், சாரக்கால் நிற்கும், கான்கிரீட்டை நனைக்கும் கியூரிங் தண்ணீர் தேங்கும். ஒயர் ஒருநாள் கிழியத்தான் செய்யும். கிழிந்த அந்த நொடியில் ஆளைக் காப்பாற்றுவது எது என்று பார்த்தால், கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி, 110 வோல்ட், பேட்டரி ஆகிய மூன்றில் எந்த முறை எங்கே பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.

எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்பவர்கள் உண்டு. அது ஒயரைக் காப்பாற்றும், ஆளை அல்ல. ஈரத்தில் நிற்பவரின் உடல் தடை 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் அவர் வழியே 230 மில்லி ஆம்பியர் பாயும். ஆளைக் கொல்ல அது தாராளம். 16 ஆம்பியர் எம்சிபிக்கோ அது ஒரு குண்டு பல்பு எரிகிற அளவு கரண்ட்தான்.

அதனால் குறைந்தபட்சத் தேவை 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச். பேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வேறு வழியில் கசிந்தால் துண்டிக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் அதிகபட்சம் 300 மில்லி விநாடி, அதைப்போல் 5 மடங்கு கசிந்தால் 40 மில்லி விநாடி. சர்வதேச விதியான ஐஇசி 60364, கட்டுமான இடங்களுக்கான 704ஆம் பிரிவில் 32 ஆம்பியர் வரையுள்ள சாக்கெட்டுகளுக்கு ஏற்கும் வழிகளில் இது ஒன்று. அமெரிக்காவில் ஆளைக் காக்கும் கருவி 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டிக்க வேண்டும்.

செலவு குறைவு, எந்த மெஷினுக்கும் பொருந்தும். ஆனால் ஷாக் அடிக்கும் நேரத்தைத்தான் இது குறைக்கிறது. அந்தக் கணத்தில் முழு 230 வோல்ட்டும் உடலில் ஏறும். சாரத்தின் மேல் நிற்பவருக்கு அந்த உதறல் போதும், கீழே விழ. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டால், கசிவே இல்லாததால் ஆர்சிசிபி அசையாது. அப்புறம் மழைக்காலத்துத் தொல்லை: நனைந்த ஒரு பிளக்கால் மொத்த இடமும் இருட்டாகும். மூன்றாவது முறை ட்ரிப் ஆனதும் யாராவது ஒருவர் ஆர்சிசிபியைத் தாண்டி டைரக்டாக ஒயர் கொடுத்துவிடுவார். இதற்கு மருந்து, மொத்தத்துக்கும் ஒன்று என்று வைக்காமல் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி 30 மில்லி ஆம்பியர் வைப்பது. மெயினில் சற்றுத் தாமதித்துத் துண்டிக்கும், பெரிய மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்சிசிபி ஒன்று. பழுதான சாக்கெட் மட்டும் நிற்கும், மற்ற வேலை நடக்கும்.

பிரிட்டன் கட்டுமான இடங்களில் நெடுநாள் வழக்கம் வேறு: டிரான்ஸ்பார்மர் வைத்து 110 வோல்ட்டாக இறக்கி, சுருளின் நடுப்புள்ளியை எர்த் செய்வது. அப்போது எந்த ஒயரைத் தொட்டாலும் தரையோடு ஒப்பிட 55 வோல்ட்தான். இதில் எனக்குப் பிடித்தது, ஆளைக் காக்க எந்தக் கருவியும் அந்த நொடியில் வேலை செய்ய வேண்டியதில்லை என்பது. அமெரிக்க வீட்டு 120 வோல்ட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே தரையோடு ஒப்பிட முழு 120 வோல்ட் இருக்கும். வெளிநாட்டுச் சாமான் ஓட்ட வைத்திருக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மரும் உதவாது. அதில் இரண்டு பக்கமும் ஒரே சுருள், மெயின் பக்கத்திலிருந்து தனிப்பிரிப்பே கிடையாது.

குறை, வோல்ட் பாதியானால் கரண்ட் இரட்டிப்பாகும். 2000 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் இழுத்தால் இங்கே 18 இழுக்கும். அதே ஒயரில் வோல்ட் இழப்பு சதவீதத்தில் நான்கு மடங்கைத் தாண்டும். தடித்த ஒயர், கனமான டிரான்ஸ்பார்மர், அதற்கேற்ற மெஷின் எல்லாம் வேண்டும். தடித்த ஒயருக்குச் சோம்பி, டிரான்ஸ்பார்மரையே வேலை நடக்கும் தளத்துக்குத் தூக்கிப்போய், 230 வோல்ட் ஒயரை மாடி மாடியாக இழுப்பவர்கள் உண்டு. காசு போட்டு வாங்கிய பாதுகாப்பு அங்கே போய்விட்டது. டிரான்ஸ்பார்மர் போர்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும், நீள ஒயர் 110 பக்கத்தில்தான் ஓட வேண்டும். மஞ்சள் பிளக் 110, நீலம் 230, சிவப்பு 400. எர்த் பின் இருக்கும் இடமோ பின்களின் எண்ணிக்கையோ மாறுவதால் ஒன்றை இன்னொன்றில் செருக முடியாது.

பேட்டரி மெஷின் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 18 வோல்ட், தரையில் ஒயரே கிடையாது. டிரில்லுக்கும் சின்ன கிரைண்டருக்கும் வேறொன்றை நான் யோசிக்கமாட்டேன். சார்ஜரை மட்டும் நனையாத இடத்தில், ஆர்சிசிபி உள்ள சாக்கெட்டில் வையுங்கள். மிக்சரும் லிப்ட்டும் வெல்டிங்கும் இதில் ஓடாது. அவற்றுக்கு 230 அல்லது 400 வோல்ட்டும் ஆர்சிசிபியும்தான். நாள் முழுக்க ஈரத்தில் பெரிய டிரில் ஓடும் இடத்துக்கு 110.

ஜெனரேட்டர் வந்தால் ஒரு சிக்கல் கூடவே வரும். சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலை எர்த்தோடு இணைத்திருக்க மாட்டார்கள். அதில் ஆர்சிசிபி மாட்டினால், ஒரு மெஷினின் உடலில் பேஸ் பட்டாலும் கசிவு திரும்ப வழி இல்லை, ட்ரிப் ஆகாது. இன்னொரு மெஷினில் நியூட்ரல் பட்ட பிறகு இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் தொட்டால், போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஆர்சிசிபிக்குள்ளேயே சமமாகிவிடும். டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தால் அப்போதும் ட்ரிப் ஆகும், ஏனென்றால் அந்தச் சோதனை நடப்பது பெட்டிக்குள், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில். பல ஒயர்கள் போகும் இடமென்றால் நியூட்ரலை எர்த்தோடு ஒரே ஒரு இடத்தில் இணைத்து, சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்டர் கருவி வைத்து ட்ரிப் ஆகிறதா என்று எலக்ட்ரீசியன் பார்த்த பிறகுதான் மெஷினைச் செருக வேண்டும்.