பழைய பிரியஸ் பேட்டரி: பழுதான மாட்யூலை மட்டும் மாற்றுவதா, முழுத் தொகுதியையும் மாற்றுவதா?

2011 முதல் 2013 இறுதிவரை, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் கார்களுக்கு இறக்குமதி வரியிலும் கலால் வரியிலும் மலேசிய அரசு விலக்கு அளித்தபோது வாங்கப்பட்ட கார்கள் பல, இன்று இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி, பேட்டரி தளரும் வயதை எட்டிவிட்டன. சுங்கை சிப்புட்டில் நான் வாங்கிய 2012ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸும் அவற்றில் ஒன்று. மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் மின்னேற்றக் கோடுகள் சட்டென இரண்டுக்கு இறங்குவதும், இறக்கத்தில் சில நிமிடங்களிலேயே நிறைந்துவிடுவதும், பின்னிருக்கை ஓரத்து விசிறி இரைவதுமாக இருந்து, ஒருநாள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. காரின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி கருவி காட்டியது பி0ஏ80, அதாவது ஹைப்ரிட் பேட்டரி தளர்ந்துவிட்டது.

முதலில் 12 வோல்ட் சிறு பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். அது தளர்ந்தாலும் இந்தக் கார் தாறுமாறாக விளக்குகளைக் காட்டும். பிறகு விசிறியின் காற்றுவழியைப் பாருங்கள். செம்பனை லாரிகள் ஓடும் செம்மண் சாலையோரத்தில் குடியிருக்கும் எங்கள் காரில், அந்த வழி முழுதும் செந்தூசி அடைந்து கிடந்தது. ஹைப்ரிட் பேட்டரி என்பது மாட்யூல் எனும் சிறு பேட்டரிகளை அடுக்கிய ஒரு தொகுதி. காற்றுக் குறைந்தால் அதன் நடுவில் உள்ள மாட்யூல்களே அதிகம் சூடேறி முதலில் கெடுகின்றன.

தொகுதியைத் திறந்தது செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்பணிப் பொறுப்பாளராக, இருக்கும் என் அக்காள் மகன். "மாமா, அந்த ஆரஞ்சு பிளக்கைக் கழற்றி உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் திரும்ப மாட்டக்கூடாது" என்றான். அதன் பிறகு 10 நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையோடுதான் மூடியில் கை வைத்தான். தொகுதி 201.6 வோல்ட், மின்சுற்றைத் துண்டிக்கும் அந்தப் பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மாட்யூல்களில் மின்சாரம் இருக்கும். மின்வேலை அறிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் இதைத் தொடாதீர்கள்.

உள்ளே 28 மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் செல்கள் ஆறு. எங்கள் அளவீட்டில் 27 மாட்யூல்கள் 7.8 வோல்ட் அளவில் இருக்க, ஒன்று மட்டும் 6.6 காட்டியது. அதாவது ஒரு செல் செத்துவிட்டது. ஆனால் சும்மா அளந்தால் தளர்ந்தவை சிக்குவதில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்லைட் பல்பை இரண்டு நிமிடம் எரியவிட்டுப் பார்த்தபோது, நன்றாகத் தோன்றியவற்றில் மேலும் நான்கு மற்றவற்றைவிட வேகமாகச் சரிந்தன.

அப்போதே முழுத் தொகுதிக்குப் போயிருக்க வேண்டும். செலவைப் பார்த்து நான் ஒற்றை மாட்யூலைத் தேர்ந்தேன்: கழித்த காரிலிருந்து எடுத்த ஒன்றை வாங்கி மாட்டி, மாட்யூல்களை இணைக்கும் களிம்பேறிய செம்புப் பட்டைகளைத் தேய்த்துத் துடைத்து, திருகாணிகளை 5.4 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் முடுக்கினோம். விளக்கு அணைந்தது. மூன்று மாதத்தில் அடுத்தது போயிற்று. அதன் பின் இன்னொன்று.

இதற்கான காரணம்தான் என் முடிவையும் தீர்மானித்தது. 28 மாட்யூல்களும் ஒரே சங்கிலியில் தொடராக இணைந்திருப்பதால், எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது. கொள்ளளவு குறைந்த மாட்யூல் மற்றவற்றுக்கு முன்பே காலியாகி, மற்றவற்றுக்கு முன்பே நிறைந்து, ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அதிகமாக அடிபடுகிறது. ஒன்றை மாற்றியதும் அடுத்த பலவீனமான மாட்யூல் அந்த அடியை வாங்கத் தொடங்குகிறது. பணக்கணக்கில் ஒற்றை மாட்யூல்தான் மலிவு என்பதை மறைக்கவில்லை. மூன்று முறை வாங்கிய விலையைக் கூட்டினாலும் புதிய தொகுதியின் விலையில் பாதிகூட வரவில்லை. ஆனால் 40 கிலோ அளவு எடையுள்ள பெட்டியை ஒவ்வொரு முறையும் இறக்கி, 28ஐயும் அளந்து, மின்னேற்றத்தைச் சமன்செய்து, மாட்யூல்கள் உப்பாமல் இருக்க மீண்டும் இறுக்கி மூடுவதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடுகின்றன. அதுவரை என் மனைவி வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போக வேண்டியிருந்தது. நான்காம் முறை அக்காள் மகனைக் கூப்பிட எனக்கே கூச்சமாகிவிட்டது.

ஆகவே ஒரே நாளில் தயாரான 28 புதிய மாட்யூல்களைப் பழைய பெட்டியிலேயே பொருத்தினோம். வேலை ஒரு பகலில் முடிந்தது. இப்போது ஓபிடி கருவியில் மாட்யூல்களின் 14 இணைகளுக்கும் இடையிலான வேறுபாடு ஏற்றத்தில்கூட 0.2 வோல்ட்டைத் தாண்டுவதில்லை.

பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் ஹாஃப்கட் கடைகளில் வரும் முழுப் பெட்டி இடைப்பட்ட விலையில் கிடைக்கும். ஆனால் அதுவும் ஏறக்குறைய உங்கள் பேட்டரியின் வயதுடையதாகவே இருக்கும் என்பதால் நான் வாங்கவில்லை. லித்தியமாக மாற்றித் தரும் தொகுதிகளை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. காரை ஆறு மாதத்தில் விற்கப்போகிறவருக்கு ஒற்றை மாட்யூல் போதும், வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிட்டு விற்பதாக இருந்தால்.

புதிய தொகுதியோடு நான் ஓட்டியது 14 மாதங்கள்தான். ஐந்தாம் ஆண்டைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் அருகதையில்லை. மாதத்துக்கு ஒரு முறை விசிறியின் காற்றுவழியைத் துடைக்கிறேன். துணியில் இன்னும் செந்தூசிதான் வருகிறது.