வோன் வேர்: 1947-இன் பழைய குப்பியா, 1991-இன் மறுவடிவமா?

பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் பியர் பால்மேனின் 'வோன் வேர்' இன்று பலரும் மறந்துவிட்ட பெர்ஃப்யூம். கசக்கிய இலை, தண்டு போல மணக்கும் 'பச்சை வாசனை' என்ற வகைக்கே வழி திறந்தது அதுதான். 1947-இல் அதை உருவாக்கிய ஜெர்மேன் செலியே, கால்பனம் என்ற பிசினை ஏறக்குறைய 8 சதவீதம் சேர்த்ததாகச் சொல்வார்கள். துளியளவே தூக்கலாகத் தெரியும் பொருள் அது, எவ்வளவு துணிச்சல்! ஒடித்த தண்டின் கசப்பு முதலில் ஏறும். பிறகு மலர்கள், அடியில் ஓக் பாசி.

1991-இல் காலிஸ் பெக்கர் செய்த மறுவடிவம் மென்மையானது, அன்றாடம் பூசலாம். அந்தக் கசப்பின் கூர்மை மட்டும் அதில் இல்லை.

வரலாற்றை முகர விரும்பினால் பழையதையே தேடுங்கள். ஆனால் எலுமிச்சை வகை எண்ணெய்கள் காற்றுபட்டு முதலில் கெடும். காகிதப் பட்டையில் ஒரு துளி விட்டு 15 நிமிடம் பொறுங்கள். கெட்ட எண்ணெயின் வார்னிஷ் வாடை விலகிப் பச்சை மணம் எழுந்தால் வாங்கலாம். புளித்த வாடை நீடித்தால் வேண்டாம். திரவ மட்டம் இறங்கிய குப்பியில் மூடி கசிந்திருக்கலாம், ஆல்கஹாலும் ஆவியாகியிருக்கும். எதை வாங்கினாலும் வெயில் படாத, சூடேறாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். கண்ணாடி மூடியுள்ள குப்பியைச் சாய்த்தால் கசியும்.