14 மாதம் சந்தா கட்டிப் பெற்ற பந்தயக் குறிப்புகள்

காலை 10.10 மணிக்குக் கைப்பேசி அதிரும். கெம்ப்டன் குதிரைப் பந்தயத் திடலில் மாலை ஓடப்போகும் ஒரு குதிரை, இரண்டு கால்பந்து ஆட்டங்கள், ஒரு டென்னிஸ், சில நாட்களில் கிரிக்கெட். எதில் பந்தயம் கட்டலாம் என்று குறிப்பு அனுப்பும் ஒரு சேவை அது, சந்தா மாதம் 18 பவுண்டு. லண்டனில் என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர்தான் சேர்த்துவிட்டார். அவர் மூன்றாம் மாதமே விலகிவிட்டார். நான் 14 மாதம் இருந்தேன். காரணம், சூதாட்ட வெறியைவிடக் கணக்கு எழுதும் வெறி என்று சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் யாரும் அதை நம்பவில்லை.

நான் கட்டிய ஒவ்வொரு குறிப்புக்கும் 2 பவுண்டு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குறிப்பில் சொன்ன விலை (வென்றால் ஒரு பவுண்டுக்கு எவ்வளவு வரும் என்பது), எனக்குக் கிடைத்த விலை, முடிவு ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். மொத்தம் 1,412 பந்தயங்கள், கட்டிய பணம் 2,824 பவுண்டு. அதே பந்தயங்களுக்குக் குறிப்பு அனுப்புபவர்கள் வெளியிடும் முடிவுப் பட்டியல் 118 பவுண்டு லாபம் காட்டுகிறது. என் நோட்டு 171 பவுண்டு நட்டம் காட்டுகிறது. சந்தாவையும் சேர்த்தால் 423 பவுண்டு போயிற்று.

அவர்கள் முடிவுகளை மாற்றி எழுதவில்லை; தேடிப் பார்த்துவிட்டேன். தோற்றதைத் தோற்றதாகவே போட்டிருக்கிறார்கள். வித்தியாசம் பெரும்பாலும் விலையில்தான். குறிப்பு வந்ததும் ஆயிரக்கணக்கானோர் ஒரே பக்கம் பாய்கிறார்கள், பெட்டிங் கடை உடனே விலையைக் குறைக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு செயலியைத் திறப்பதற்குள் 2.20 (கட்டிய ஒரு பவுண்டையும் சேர்த்துத் திரும்ப வருவது) என்றிருந்தது 2.00 ஆகியிருக்கும். பார்த்தால் இருபது காசு விவகாரம். ஆனால் 2.20 விலையில் நூற்றுக்கு 46 முறை வென்றாலே கையைக் கடிக்காது, 2.00 என்றால் 50 முறை வென்றாக வேண்டும். அந்த நான்கு முறையை எங்கிருந்து கொண்டுவருவது? அவர்களுடைய பட்டியலிலோ எப்போதும் 2.20தான்.

குதிரையில்தான் இது மிக மோசம். சிறிய பந்தயங்களில் சந்தை மெலிந்தது, கொஞ்சம் பணம் விழுந்தாலே விலை சரியும். அதற்கு மேல் 'நான்காம் விதி' என்று ஒன்று இருக்கிறது. நாம் விலை பேசிக் கட்டிய பிறகு வேறொரு குதிரை விலகிவிட்டால், நமக்கு வரவேண்டிய லாபத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். விலகிய குதிரைக்கு வெல்லும் வாய்ப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு பெரிய பிடித்தம். ஒரு புதன்கிழமை மாலை, ஒன்றுக்கு ஆறு, அதாவது ஒரு பவுண்டுக்கு ஆறு பவுண்டு லாபம் என்ற விலையில் நான் கட்டிய குதிரை கழுத்தளவு முந்தி வந்தது. சமையலறையில் கத்தியதில் பால் பொங்கி வழிந்தது வேறு கதை. கணக்கில் 12 பவுண்டு லாபம் வரவேண்டும், வந்தது 8.40. காலையில் ஒன்றுக்கு இரண்டு விலையில் இருந்த குதிரை ஓடாமல் விலகியதால் பவுண்டுக்கு 30 பென்ஸ் பிடித்தம். பட்டியலில் மறுநாள் காலை 12 என்றே ஏறியிருந்தது.

டென்னிஸில் வேறு விதமான இடி. எதிராளி காயத்தால் பாதியில் விலகினால் சில கடைகள் முதல் செட் முடிந்திருந்தாலே வெற்றிப் பணம் தரும். சில கடைகள் பந்தயத்தையே ரத்து செய்து கட்டிய பணத்தைத் திருப்பித் தரும். என் கடை இரண்டாம் வகை. பட்டியலுக்கு எப்போதும் முதல் வகை.

சனிக்கிழமைதோறும் ஐந்து கால்பந்து ஆட்டங்களைக் கோத்து ஒரே சீட்டாக அனுப்புவார்கள். ஐந்தும் பலித்தால்தான் பணம். ஒவ்வோர் ஆட்டத்திலும் கடை நூற்றுக்கு ஐந்து தனக்கு வைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்தைப் பெருக்கி முடிக்கும்போது நம் ஒரு பவுண்டின் மதிப்பு 77 பென்ஸ். இதை நான் நாலைந்து வாரத்திலேயே விட்டுவிட்டேன். நள்ளிரவுக் கூடைப்பந்தைத் தொடவே இல்லை. காலையில் வேலைக்குப் போகவேண்டும்.

ஆறாம் மாதம்தான் குறிப்புகளுக்குக் கீழே இருக்கும் 'இங்கே கணக்குத் தொடங்குங்கள்' என்ற இணைப்பின் பொருள் புரிந்தது. அந்த வழியாகச் சேருபவர் இழக்கும் பணத்தில் ஒரு பங்கு, சேர்த்துவிட்டவருக்கு. இங்கே இது சட்டத்துக்கு உட்பட்ட சாதாரண வியாபாரம். என்றாலும், நான் தோற்றால் சம்பாதிக்கிற ஒருவரிடம் ஜெயிக்க வழி கேட்டு மாதம் 18 பவுண்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து வெல்பவர்களுக்குக் கடைகள், அவர்கள் கட்டக்கூடிய தொகையைச் சில பென்ஸாகச் சுருக்கிவிடும் என்கிறார்கள். எனக்கு அந்தக் கௌரவம் கடைசிவரை கிடைக்கவில்லை.

கோல்ஃப் குறிப்புகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை தொடங்கும் போட்டிக்குச் செவ்வாயன்றே வந்துவிடும், நிதானமாக விலை பார்க்கலாம். முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் பணம் தரும் கடையா, எட்டு இடம் வரை தரும் கடையா என்றும் தேடலாம். எழுதுபவர் மைதானத்தின் புல், காற்று, ஆட்டக்காரரின் அடி என்று இரண்டு பக்கம் எழுதுவார். என் நோட்டில் லாபம் காட்டிய ஒரே பகுதி அதுதான், 31 பவுண்டு. அதிலும் பாதிக்கு மேல் ஒரே ஒரு ஆட்டக்காரர் கொடுத்தது.

சந்தாவை நிறுத்திய பிறகும் அந்தக் கோல்ஃப் கட்டுரை இலவசமாக வருகிறது. செவ்வாய் மாலை பஸ்ஸில் படிக்கிறேன். போட்டியைப் பார்ப்பதற்கு அது போதுமானதாக இருக்கிறது.