குளச்சல் ஐஸ் பிளாண்டில் லோட்டோ பயிற்சி: எங்கள் மதிப்பீடு

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதால், கம்ப்ரசரைப் பிரிப்பது, பிரைன் (உப்புநீர்) தொட்டியைச் சுத்தம் செய்வது, ஐஸ் கிரஷரின் பற்களை மாற்றுவது போன்ற பெரிய வேலைகளை எங்கள் பிளாண்டில் அந்த இரண்டு மாதங்களுக்கே வைத்துக்கொள்கிறோம். பழுதுபார்க்கும்போது இயந்திரம் தானாகவோ பிறர் கைபட்டோ ஓடிவிடாமல், சுவிட்சைப் பூட்டி எச்சரிக்கை அட்டை மாட்டித் தடுக்கும் லாக்அவுட்-டேக்அவுட் (சுருக்கமாக லோட்டோ) பயிற்சியை, அதற்கு முன்பே நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு நிறுவனத்தைக் கொண்டு பிளாண்டிலேயே நடத்தினோம்.

மின்சாரத்தைத் துண்டிக்க ஃபியூஸ் கேரியரை (ஃபியூஸ் கம்பி உள்ள பிடியை) பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பழைய வழக்கத்தைப் பயிற்றுநர் இகழவில்லை. சாவி வேலை செய்பவரிடமே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருப்பதை ஏற்றுக்கொண்டு, பக்கத்துப் பேனலிலிருந்து இன்னொரு கேரியரைக் கழற்றிச் செருகினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். ஓர் ஆளுக்கு ஒரு பூட்டு, அதற்கு ஒரே சாவி, மாற்றுச் சாவி அலுவலக மேசையில் கிடக்கக் கூடாது என்பதை அதன் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பயிற்சியில் மிகச் சிறந்த பகுதி செய்முறைதான். ஆட்களை விலக்கி நிறுத்திவிட்டு, மின்வாரிய மெயின் சுவிட்சை மட்டும் அணைத்துப் பூட்டச் சொன்னார். மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் ஏஎம்எஃப் பேனல், அப்படிப் போய்விட்டதாக உணர்ந்து சில நொடிகளில் ஜெனரேட்டரைத் தானாக ஓட்டிவிட, கிரஷர் பேனலின் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. கிரஷருக்குரிய ஐசொலேட்டரையே (அதற்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சையே) பூட்ட வேண்டும், பூட்டிய பின் ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும், டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் சரிபார்த்துவிட்டே செத்த சர்க்யூட்டில் வைக்க வேண்டும் என்பவை அந்த விளக்கைப் பார்த்த எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டன.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. மோட்டாரைப் பூட்டினாலும், குளிரூட்டப் பயன்படும் அமோனியா குழாய்க்குள்தான் இருக்கிறது. 35 டிகிரி செல்சியஸில் அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 13 மடங்கு. வால்வைப் பூட்டுவது, குழாயிலுள்ள வாயுவை வெளியேற்றுவது, கிரேனில் தொங்கும் ஐஸ் கேன்களை இறக்கி வைப்பது ஆகியவற்றுக்கு ஒதுக்கிய நேரம் போதவே போதாது. ஐஸ் பிளாண்டுக்கு வரும் நிறுவனம் மின்சாரத்துக்கு இணையாக இதையும் நடத்தியே ஆக வேண்டும். வகுப்பு தமிழில் மட்டும் நடந்ததால், கேன் இழுக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் பாதியும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சிக்கு அடிப்படையாகக் கொண்ட அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1989ஆம் ஆண்டு விதிமுறையோ, பூட்டுபவருக்கு மட்டுமல்லாமல் அந்த இயந்திரத்தில் வேலை செய்பவருக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது. ஓடும் இயந்திரத்தருகே வேலை செய்வது பற்றிய 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவையும் ஒரே வரியில் கடந்துவிட்டார்கள்.

இருந்தும், இந்தப் பயிற்சியைப் பிற ஐஸ் பிளாண்டுகளுக்கும், முந்திரி, ரப்பர் ஆலைகளுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வெளியிலிருந்து வரும் கம்ப்ரசர் மெக்கானிக்குகளையும் கட்டாயம் உட்கார வையுங்கள். மே மாதத்துக்குள் தேதி வாங்கிவிடுங்கள். இந்தி தெரிந்த ஒருவரையும், அமோனியாவுக்குத் தனியாக அரை நாளையும் அடுத்த முறைக்குக் கேட்டிருக்கிறோம், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.