8 வருடமாக ஜவ்வாது மலை பஸ்: வாந்திக்கு நான் செய்து பார்த்ததெல்லாம்

2016 ஜூனில் ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வீடு வேலூர் பக்கத்தில் அடுக்கம்பாறை. திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறினால் கண்ணமங்கலம், சந்தவாசல், போளூர் வரைக்கும் சமவெளி, அதற்கப்புறம் மலை. வெள்ளிக்கிழமை அதே வழியில் இறக்கம். சின்ன வயதிலிருந்தே எனக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. முதல் மாதம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாந்தி எடுத்து, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டுதான் வகுப்புக்குள் போனேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் அழுதிருக்கிறேன். இன்றைக்கும் அதே பஸ்ஸில் யாராவது ஒரு பெண் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆயா சீட்டில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் உட்கார வைப்பார். அதை ஒரு வருடம் செய்தேன், பலன் எதுவும் தெரியவில்லை. எலுமிச்சம்பழம் வேலை செய்தது. நகத்தால் தோலைக் கீறி மோந்து பார்த்தால் குமட்டல் கொஞ்சம் தள்ளிப்போகும். ஆனால் இரண்டு வருடம் வாராவாரம் அப்படியே செய்ததில், எலுமிச்சை வாசனையே எனக்கு மலைப் பாதையை ஞாபகப்படுத்த ஆரம்பித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மா எலுமிச்சை சாதம் கிளறும்போது, தரையில் அசையாமல் உட்கார்ந்திருந்த எனக்கு வயிற்றைப் புரட்டியது. அதனால் என் அனுபவத்தில் சொல்கிறேன், எப்போதாவது ஊருக்குப் போகிறவர்களுக்கு எலுமிச்சை சரி, வாராவாரம் போகிறவர்கள் ஒரே வாசனையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நான் இஞ்சி மொரப்பாவுக்கு மாறினேன். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு துண்டு, போளூரில் ஒரு துண்டு. இன்று வரை பையில் இருக்கிறது.

மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நான் நிறைய ஏமாந்தேன். ஒரு மருந்துக் கடையில் "வாந்தி மாத்திரை" என்று கேட்டதற்கு ஒண்டான்செட்ரான் கொடுத்தார்கள். மூன்று வாரம் போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்புறம் டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த மருந்து வேறு காரணங்களால் வரும் வாந்திக்கு நன்றாகக் கேட்கும், பயண வாந்திக்கு அவ்வளவாகக் கேட்காது. பயணத்துக்கு என்று டாக்டர்கள் எழுதித் தருவது புரோமெத்தசின், சின்னரிசின் மாதிரி வேறு வகை. அதையும் கிளம்புவதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால் போட வேண்டும். குமட்டல் ஆரம்பித்துவிட்டால் வயிறு தன் வேலையை மெதுவாக்கிவிடும், அதற்குமேல் விழுங்குகிற மாத்திரை உள்ளேயே கிடக்கும், இல்லை வெளியே வந்துவிடும். எனக்கு எழுதிக் கொடுத்தது புரோமெத்தசின். வாந்தி நின்றது, கூடவே தூக்கமும் வாய் வறட்சியும் வந்தது. வெள்ளிக்கிழமை அடுக்கம்பாறையில் இறங்க வேண்டியவள், கண் விழித்தபோது வேலூர் பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். திங்கட்கிழமை முதல் பீரியட் முழுக்கத் தலை கனக்கும். இப்போது வருடத்துக்கு நான்கைந்து தடவை, ராத்திரிப் பயணத்துக்கு மட்டும் போடுகிறேன். கர்ப்பிணிகளும், ஆஸ்துமா, கண் அழுத்தம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். வண்டி ஓட்டப் போகிறவர்களும் அப்படியே. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது.

மணிக்கட்டில் கட்டுகிற பட்டை ஒன்றும் வாங்கினேன். உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் கடை தள்ளி, இரண்டு நரம்புக்கு நடுவில் அழுத்தம் விழ வேண்டும். சென்னை ரோட்டில் கொஞ்சம் தெம்பாக இருந்த மாதிரி இருந்தது, மலையில் ஒன்றும் இல்லை.

என் வாழ்க்கையை மாற்றியது மாத்திரையோ பழமோ இல்லை, ஒரு டிரைவரின் தலை. 2019-ல் என்று நினைக்கிறேன், கூட்டம் அதிகமாகி முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உட்கார்ந்திருப்பவர்கள் தலையெல்லாம் வெளிப்பக்கம் சாய்கிறது, டிரைவர் தலை மட்டும் வளைவின் உள்பக்கம் சாய்கிறது. அதுவும் பஸ் திரும்புவதற்கு ஒரு நொடி முன்னாலேயே. அவருக்கு வாந்தி வராததற்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்லை, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. உள்காது உடம்பு ஆடுவதைச் சொல்கிறது, கண் முன் சீட்டின் முதுகையோ போனையோ பார்த்துக்கொண்டு "நாம் அசையவில்லை" என்கிறது, இந்த இரண்டும் ஒத்துப்போகாததுதான் இந்த நோயே. அன்றைக்கு நான் ரோட்டைப் பார்த்தேன், அவர் சாய்ந்த பக்கம் நானும் சாய்ந்தேன். மேலே போய்ச் சேரும்போது பசித்தது. மலை ஏறி எனக்குப் பசித்தது அதுதான் முதல் தடவை!

அதிலிருந்து சீட்டுக்காகவே அடுக்கம்பாறையில் ஏறாமல் பின்னோக்கி வேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஏறுகிறேன். இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசை, முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற மாதிரி. பழைய வண்டிகளில் முதல் வரிசையில் இன்ஜின் சூடும் டீசல் வாடையும் முகத்தில் அடிக்கும், அது வேண்டாம். பின் சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னாலேயும் உட்காரவே கூடாது. போனை எடுக்காதீர்கள், ஒரு மெசேஜ் படிக்கும் நேரம் போதும், புரட்ட ஆரம்பித்துவிடும்.

சாப்பாட்டில் எல்லோரும் "வெறும் வயிற்றோடு போ" என்பார்கள். எனக்கு அது இன்னும் மோசம், பித்தமாக வரும். கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, சட்னி கொஞ்சம், காபி கிடையாது. ஒரு தடவை பெங்களூர் போகும் வழியில் ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறி, கிருஷ்ணகிரி வருவதற்குள் பட்டபாடு போதும். பிரியாணியைத் திரும்பி வரும்போது பார்சல் வாங்கிக்கொள்ளலாம்.

ராத்திரி ஸ்லீப்பர் பஸ் என்றால் கீழ் பெர்த், நடுப்பகுதி. மேல் பெர்த் அதிகமாக ஆடும். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிவிட்டால் எனக்குச் சமாளிக்க முடிகிறது. ஏசி பஸ்ஸில் அடிக்கிற சென்ட் வாசனைக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை, துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொள்கிறேன். காட்பாடியில் ரயில் கிடைக்கிற ஊர் என்றால் ரயில்தான்.

இன்னொன்று, வாந்திக்கு முன்னால் உடம்பு சொல்லும். எனக்கு முதலில் கொட்டாவி, அடுத்து மேலுதட்டில் குளிர்ந்த வியர்வை, அதற்கப்புறம் வாயில் எச்சில் ஊறும். எச்சில் ஊறினால் நேரம் கடந்துவிட்டது. கொட்டாவி வந்ததுமே ஜன்னலைத் திறந்து, தூரத்து மலை முகட்டில் கண்ணை நிறுத்தி, மெதுவாக மூச்சு விடுகிறேன். கவர் எப்போதும் மடியில் இருக்கும். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள், மலையில் எதிரே வருகிற வண்டி எவ்வளவு ஒட்டிப் போகும் என்று தெரியும் அல்லவா.

போன கோடையில் அக்கா மகளை ஏலகிரிக்கு அழைத்துப் போனோம், 14 வளைவு. அவளுக்கு ஒன்பது வயது, இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வரும். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள் இல்லையா, ஒவ்வொரு பலகையையும் முன்னாலேயே கண்டுபிடித்துப் படித்துவிட்டு, வளைவின் உள்பக்கம் சாய வேண்டும் என்று சொல்லி வைத்தேன். பாரி, ஓரி, பேகன் என்று கத்திக்கொண்டே சாய்ந்து சாய்ந்து வந்தாள். கவர் மடித்தபடியே இருந்தது. இப்போது கொல்லிமலைக்குப் போகலாம் என்கிறாள். அங்கே 70 வளைவு. போய் வந்ததும் எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.