பொடி டப்பாவின் பெயருக்காக அலைந்தது

இந்தப் பொங்கல் விடுமுறையில் பாதி நாள் தங்கையின் பொடி டப்பாவோடு போய்விட்டது. காரைக்குடியில் குழம்புப் பொடி, முறுக்கு, ஊறுகாய் எல்லாம் ஆறு வருடமாக ஒரே பெயரில் விற்கிறாள். நான் இருக்கும் சிங்கப்பூரில் இரண்டு கடைக்காரர்கள் சரக்கு கேட்டார்கள். பெயரை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாதபடி வணிகக் குறியாக (டிரேட்மார்க்) பதிந்துவிட்டு அனுப்பலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

ஊரில் ஒரு ஏஜென்ட். உட்கார்ந்ததுமே, "பதினெட்டாயிரம் குடுங்க சார், உலகம் முழுக்கச் செல்லும். நாளைக்கே வட்டத்துக்குள்ள ஆர் போட்டுக்கலாம்" என்றார். இரண்டும் தப்பு. இந்தியப் பதிவு இந்தியாவுக்குள்தான் செல்லும். வட்ட ஆர் என்பது பதிவான பெயருக்கான அடையாளம்; பதிவாகாத பெயருக்கு அதைப் போட்டால், 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 107ஆம் பிரிவுப்படி அபராதம் உண்டு. டிரேட்மார்க் என்பதைக் குறிக்கும் டி.எம். என்று போட்டுக்கொள்ளத் தடையில்லை. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

அப்புறம் சென்னையில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். நமக்கான பதிவகம் கிண்டியில் இருந்தாலும் அங்கே போக வேண்டியதில்லை, எல்லாம் ஆன்லைன். சரக்குகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பொடியும் முறுக்கும் 30ஆம் வகுப்பு, ஊறுகாய் 29. ஆக 9,000, வக்கீல் ஃபீஸ் தனி. லேபிளில் பெயர் தமிழில் இருந்ததால், அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் அப்பத்தாவின் செல்லப்பெயருக்கு என்ன பொருள் என்று வீடே உட்கார்ந்து யோசித்தது! முன்னால் இருந்த 'செட்டிநாடு' என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார் வக்கீல். ஊர்ப்பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாதாம், ஆட்சேபம் வரும். ஆறு வருடமாக விற்பதற்குப் பழைய பில்களோடு பிரமாணப் பத்திரமும் வேண்டும். முதல் வருடத்துப் பில் புத்தகம் பரணில் மிளகாய் மூட்டைக்கு அடியில் கிடைத்தது.

சிங்கப்பூருக்கு மாட்ரிட் ஏற்பாடு உண்டு, இந்தியா அதில் 2013இல் சேர்ந்தது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடு கேட்கலாம். ஆனால் முதல் ஐந்து ஆண்டு அது ஊர் விண்ணப்பத்தையே நம்பித் தொங்கும். இங்கே விழுந்தால் அங்கேயும் விழும். எங்களுக்கு வேண்டியதோ ஒரே நாடு. நேரடியாக சிங்கப்பூரிலேயே போடுவது மேல் என்று எனக்குப் பட்டது. இந்தியாவில் போட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட்டால், அங்கேயும் அந்த முதல் தேதியையே கோரலாம். ஜனவரி 20இல் போட்டோம். ஜூலை 20 கெடு.

"அங்க உங்க பேர்லயே போட்டுருங்கண்ணே, சுலபமா இருக்கும்" என்றாள் தங்கை. முடியாது என்றுவிட்டேன். முகவரிக்கு என் வீடு, உரிமை அவளுக்கு. நாளைக்கு என் பிள்ளையும் அவள் பிள்ளையும் ஒரு டப்பாவுக்காகக் கோர்ட்டுக்குப் போகக் கூடாது பாருங்கள்.

இந்தியப் பதிவகத்திலிருந்து ஆய்வு அறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். அவள் மெயிலே திறப்பதில்லை. பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.